வெள்ளிக் கிரகத்தின் காற்றை வெளியேற்றும் விதி

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

இந்தச் செய்தி வேறொருவர் வாய்வழியாக உன்னை எட்டுவதற்கு முன்பு என் கையெழுத்திலேயே உனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தொலைபேசியில் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. எடுக்காததற்கு நான் காரணம் கேட்கவில்லை.

சென்ற மாதம் பத்தொன்பதாம் தேதி உங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தின் வெள்ளிக் கிரகச் சோதனைக் கலத்தில் நடந்த விபத்தை விசாரிக்கக் குழு அமைத்திருக்கிறார்கள். அந்தக் கலத்தை இயக்குவதற்கான விதித்தொகுப்பைத் தலைமை அலுவலகத்திலிருந்து எழுதியவன் நான். ஆகையால் என் கருத்தைக் கேட்டார்கள். காயமடைந்த ஃபிட்டர் என் தங்கையின் கணவர் என்பதை முதல் வரியிலேயே தெரிவித்து, விலகிக்கொள்ள அனுமதி கோரினேன். இந்த விதிகளை அறிந்தவர் வேறு எவரும் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

நான் எழுதிக்கொடுத்ததன் சாரம் இதுதான். தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் கலத்தின் கழுத்தை அடைத்திருந்த ரப்பர் வளையம் கிழிந்ததால், உள்ளே அழுத்தத்தில் இருந்த சூடான வாயு பீறிட்டது. ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கு முன்பும் வளையத்தைக் கழற்றிக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்கிறது பதினான்காவது விதி. சோதித்ததாக ஃபிட்டர் கையொப்பம் இட்டிருக்கிறார். பழுதில்லாத வளையம் தானாகக் கிழியாது. எனவே சோதனை முறையாக நடக்கவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தாள்களைக் கிழித்தேன். ஆனால் எத்தனை தாள் கிழித்தாலும் உண்மை உண்மைதான்.

மாப்பிள்ளையின் கையில் இரண்டாவது முறை தோல் ஒட்டியது பிடித்துக்கொண்டதா என்று ஒரு வரி எழுது.

அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணனுக்கு,

போன் எடுக்காததற்குக் காரணம் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய மனது. நான் சொல்லிவிடுகிறேன். போனில் நீங்கள் விதி எண் சொல்வீர்கள், நான் அழுவேன், நீங்கள் "அழாம பேசு" என்பீர்கள். கடிதம் என்றால் நான் அழுவது உங்களுக்குக் கேட்காது. எனக்கும் அது வசதி.

தோல் பிடித்துக்கொண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை. மடங்குமா என்று டாக்டரைக் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். டாக்டர்கள் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடம் ஸ்பேனர் பிடித்த கை. அவருடைய ஐந்து சட்டைகளிலும் வலது கையை முழங்கை வரை பிரித்து, நாடா வைத்துத் தைத்தேன். காலேஜுக்குக் கிளம்பும் முன் மகள் நாடாவைக் கட்டிவிட்டுப் போகிறாள்.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. மேஜையில் கிடந்ததை அவராகவே இடது கையால் எடுத்துப் படித்தார். படித்துவிட்டு, "வளையத்தைக் கழட்டிப் பார்த்தேன். பளபளன்னு இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மீதியை நான் சொல்கிறேன். போன அக்டோபரில் நீங்கள் தணிக்கைக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்கள். நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

"மாப்பிள்ளை, பதிவேட்டைப் பார்த்தேன். ஓட்டம் முடிஞ்சு காத்தை வெளியேத்த நீங்க ஏழு மணி நேரம் எடுக்கறீங்க. விதியில நாற்பது நிமிஷம்னுதானே இருக்கு?"

"கொஞ்சம் மெதுவா விட்டாத்தான் நல்லது மச்சான்."

"ஏன்?"

"சடார்னு விட்டா அதுக்குப் பிடிக்காது."

"எதுக்கு?"

"குக்கருக்கு." அந்தக் கலத்தை அவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"பிடிக்குது, பிடிக்கலைன்னெல்லாம் விதியில எழுத முடியாது. காரணம் இருந்தா எழுதிக் குடுங்க, நானே மாத்தறேன். இல்லேன்னா நாற்பது நிமிஷம்தான்."

"விடுங்கண்ணா, அவருக்குத் தெரியாதா?" என்றேன் நான். "வீட்டு விஷயத்துல நீ சொல்லு, கேட்டுக்கறேன்" என்றீர்கள்.

அடுத்த வாரமே, விதியிலிருந்து விலகி நடந்தார் என்று உங்கள் கையெழுத்தோடு 'விலகல் குறிப்பு' வந்தது. எழுதத் தெரிந்த மனிதராக இருந்தால் அவர் காரணம் எழுதியிருப்பார். அவர் கையால் தெரிந்துகொள்கிறவர். குறிப்பு வந்த நாளிலிருந்து நாற்பது நிமிடத்திலேயே விட்டார். அப்படி நான்கு முறை விட்டார். ஐந்தாவது முறை அழுத்தம் ஏற்றும்போது, உங்கள் விதிப்படி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்கக் கழுத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

ஒன்று கேட்கிறேன். வெள்ளி என்றால் விடியற்காலையில் தெரியும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கிரகத்தில் அப்படி என்ன காற்று இருக்கிறது? என் வீட்டுக்காரர் கையைத் தின்ற காற்று எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு. விதி எண் போடாமல் எழுதுங்கள். பள்ளிச் சீருடை தைக்கிறவள் நான். அளவு சொன்னால் புரிந்துகொள்வேன்.

தங்கை


பிப்ரவரி 14

அன்புள்ள தங்கைக்கு,

உன் கேள்வி நியாயமானது. அதற்கு மட்டும் விடை எழுதுகிறேன். மற்றவை விசாரணையில் இருப்பதால் அவற்றைப் பற்றி எழுதுவது முறையாகாது.

அளவிலிருந்து தொடங்குகிறேன். பூமியின் சுற்றளவை நூறு அங்குலம் என்று வைத்தால், வெள்ளிக் கிரகத்தின் சுற்றளவு தொண்ணூற்றைந்து அங்குலம். ஒரே அளவில் வெட்டி, ஓரத்தில் கொஞ்சம் பிடித்துத் தைத்தால் போதும். இங்கே ஐம்பது கிலோ காட்டும் தராசு அங்கே நாற்பத்தைந்து காட்டும். சூரியனிடமிருந்து எண்ணி வந்தால் பூமிக்கு முந்தைய கிரகம் அதுதான். பக்கத்து வீடு என்று சொல்லலாம். தொலைவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உடன்பிறந்தவை போலவே தோன்றும்.

ஒற்றுமை அத்தோடு சரி. அது பூமிக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. அதன் தரையில் நின்றால் சூரியன் மேற்கே எழுந்து கிழக்கே மறையும். சுழலும் வேகமும் மிகக் குறைவு. சூரியன் ஒருமுறை எழுந்து மறுமுறை எழுவதற்கு நம் கணக்கில் நூற்றுப் பதினேழு நாள் ஆகும். இவ்வளவு நீளமான இரவில் தரை குளிர்ந்துவிடும் என்று நீ நினைக்கலாம். குளிர்வதில்லை. பகலிலும் இரவிலும், நடுக்கோட்டிலும் துருவத்திலும் ஏறத்தாழ ஒரே வெப்பம்தான். நானூற்று அறுபது டிகிரி. ஈயத்தை வைத்தால் உருகி ஓடும். காரணம், கிரகத்தைப் போர்த்தியிருக்கும் கரியமில வாயு. உள்ளே வந்த வெப்பத்தை அது வெளியே விடுவதில்லை. மேலே மேகங்கள் உண்டு. ஆனால் அவை நீர் அல்ல, கந்தக அமிலத் துளிகள். அந்த மழை தரையைத் தொடுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். தரையில், அடர்த்தியாக மூட்டம் போட்ட நாளைப் போல மங்கிய செம்மஞ்சள் ஒளி மட்டும் இருக்கும். அங்கே போய் இறங்கிய கருவிகளில் அதிக நேரம் தாங்கியதே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். எந்தப் பாகம் எவ்வளவு தாங்கும் என்று இங்கேயே பார்த்துக்கொள்வதற்காகத்தான், படுக்கவைத்த பீரோ அளவுள்ள அந்த எஃகுக் கலத்தில் அந்தக் கிரகத்தின் காற்றை நாம் உண்டாக்குகிறோம்.

அழுத்தம் நம் காற்றைப் போலத் தொண்ணூற்றிரண்டு மடங்கு. கடலில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் நிற்பதற்குச் சமம். அங்கே தரையில் வீசும் காற்று மனிதன் நடக்கும் வேகத்தைத் தாண்டாது. ஆனாலும் அதன் கனத்தால் ஆற்று நீர் தள்ளுவது போலத் தள்ளும். அந்த அழுத்தத்தில் கரியமில வாயு வாயுவாகவும் இருப்பதில்லை, திரவமாகவும் இருப்பதில்லை. இரண்டின் குணமும் கலந்த ஒரு நிலையில் இருக்கிறது. வாயுவைப் போல எந்த இடுக்கிலும் நுழையும். திரவத்தைப் போலப் பொருளுக்குள் ஊறும். கண்ணுக்குத் தெரியாத துளை உள்ள எதிலும் ஊறும். ரப்பர் போன்றவற்றில்

வேறு அலுவல் வந்துவிட்டது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

பிறந்ததிலிருந்து உங்களைப் பார்க்கிறேன். ஒரு வாக்கியத்தைக்கூட நீங்கள் பாதியில் விட்டதில்லை. சின்ன வயதில் பென்சில் தீர்ந்தால்கூட என் பென்சிலைப் பிடுங்கி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள். 'ரப்பர் போன்றவற்றில்' என்ன அண்ணா?

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தார்.

"ராத்திரி, பகல் எல்லாம் ஒரே சூடா? அப்ப அங்க நைட் ஷிப்ட்டே கிடையாது போல."

"சும்மா கேளுங்க."

"மேற்க உதிக்குதா? மச்சான் போனா ஒரு விலகல் குறிப்பு குடுத்துட்டுத்தான் வருவாரு."

ஊறும் என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.  பிறகு சொன்னார்: "இதைத்தான் நான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். ஊறினது மெதுவாத்தான் வெளிய வரும். நாம வெளிய அழுத்தத்தைச் சட்டுனு எறக்கிட்டா, உள்ள இருக்கறது உப்பி, ரப்பரை உள்ளேருந்தே கிழிச்சிடும். மேலாக்கப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. முன்னாடி ஒருதரம் அவசரமா விட்டுட்டு, மறுநாளே, உப்பல் அடங்கறதுக்கு முன்னாடி, வளையத்தை அமுக்கிப் பார்த்தேன். கையில வேற மாதிரி இருந்துச்சு. அன்னையிலேருந்துதான் ஏழு மணி நேரம்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"காரணம் கேட்டாரு. கையில வேற மாதிரி இருந்துச்சுன்னா, அது காரணமா?"

குற்றச்சாட்டுக் கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி விசாரணை. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், இனி எந்த ஆய்வுக்கூடத்திலும் கருவிப் பக்கம் போக முடியாது. சோதிக்காமல் சோதித்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்டவர் என்று பதிவாகிவிடும். மறுத்து எழுதுங்கள் என்கிறேன். எழுத மாட்டேன் என்கிறார். "எழுதினவரு உங்கண்ணன். நான் எதிர்த்து எழுதினா நாளைக்கு நீ யார் பக்கம் நிப்பே? விடு" என்கிறார். கை போனதற்குக்கூட இவ்வளவு வாடவில்லை. பொய்க் கையெழுத்து என்ற வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் காகிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

எனக்கு ஒரே ஒரு பதில் போதும். நாற்பது நிமிடம் என்பது எங்கிருந்து வந்தது? யார் அளந்து பார்த்தார்கள்?

தங்கை


பிப்ரவரி 27

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதில் கண்டவை மாப்பிள்ளையின் வாய்மொழியாக, உறவினர் வழியாக வந்திருப்பதால், அவற்றைச் சாட்சியமாகக் கொள்ள இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். இருப்பினும் சில விளக்கங்கள் தேவைப்படுகின்றன. வளையத்தை முன்பு ஒருமுறை அமுக்கிப் பார்த்ததாகச் சொல்வது எந்த ஆண்டு, எந்த மாதம்? அதை மேற்பார்வையாளரிடம் தெரிவித்தாரா? தெரிவித்திருந்தால் எழுத்து வடிவில் ஆதாரம் உண்டா? மேலும், அந்தப் பழைய வளையம் பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கிறதா அல்லது அப்புறப்படுத்தப்பட்டதா என்பதும் தெரிய வேண்டும்.

நாற்பது நிமிடம் என்ற வரையறை உரிய நடைமுறைகளின்படியே வகுக்கப்பட்டது. அதன் தோற்றம் குறித்து இப்போதைக்கு இதற்குமேல் சொல்வதற்கில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 3

அண்ணனுக்கு,

எந்த மாதம் என்று கேட்டு அவர் முன்னால் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்காக உங்கண்ணன்கிட்ட கெஞ்சாதே" என்றார். கெஞ்சவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கெஞ்சித்தான் இருக்கிறேன் போலிருக்கிறது.

கையெழுத்துப் போடுவதென்று முடிவு செய்துவிட்டார். பத்தாம் தேதி போடப்போகிறார். வலது கை முடியாது. மகளுடைய நோட்டில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார். முதல் பக்கம் கோணல்மாணல். நேற்றைய பக்கம் ஓரளவு நேராக வந்துவிட்டது. பொய் சொன்னதாக ஒப்புக்கொள்வதற்கு ஒரு மனிதர் இப்படி எழுதிப் பழகுவதை நான் சமையலறை வாசலில் நின்று பார்க்கிறேன்.

உங்களுக்கு விளக்கம் தேவைப்படுகிறது. எனக்கு இனிமேல் தேவைப்படவில்லை. எழுத வேண்டாம்.


மார்ச் 6

தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு. அவரையும் படிக்கச் சொல். பத்தாம் தேதிக்கு முன் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தூதஞ்சலில் அனுப்புகிறேன்.

மாப்பிள்ளை கையெழுத்திட வேண்டாம். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு என்னுடையது.

பதினான்காம் தேதிக் கடிதத்தில், அந்தக் காற்று பொருளுக்குள் ஊறும் என்று உனக்குப் புரியும்படி எழுதினேன். ரப்பர் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. வேறு அலுவல் எதுவும் வரவில்லை. கிரகத்தைப் பற்றி நூறு கட்டுரை படித்தவன் நான். இந்த உண்மை எனக்குப் புதிதல்ல. ஆனால் அது அந்தக் கிரகத்தைப் பற்றிய உண்மையாகவே என் தலையில் இருந்தது. என் விதித்தொகுப்பைப் பற்றிய உண்மையும் அதுதான் என்று அந்த நிமிடம் வரை தோன்றவில்லை.

மறுநாளே கிழிந்த வளையத்தின் துண்டுகளை அனுப்பச் சொன்னேன். பதினேழாம் தேதி வந்தன. ஒரு துண்டைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேல்தோல் பளபளப்பாக இருந்தது. உள்ளே ரொட்டித்துண்டைப் போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. மாப்பிள்ளை வளையத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். அவர் இட்டது உண்மையான கையொப்பம். என் விதி கண்ணால் பார்க்கச் சொன்னது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் அது கிழிந்திருந்தது.

நாற்பது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நைட்ரஜன் வாயு நிரப்பும் கலம் ஒன்றுக்கு விதிகள் எழுதினேன். நைட்ரஜன் ரப்பரில் அவ்வளவாக ஊறாது. அங்கே நாற்பது நிமிடம் சரியானதே. வெள்ளிக் கிரகக் கலம் வந்தபோது அதே தொகுப்பை எடுத்தேன். தலைப்பை மாற்றினேன், வாயுவின் பெயரை மாற்றினேன், வெப்ப அளவுகளை மாற்றினேன். அந்த ஒரு வரியை மாற்றவில்லை. அது ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற வரி. யார் அளந்தார்கள் என்றால், இந்தக் காற்றை வைத்து யாருமே அளக்கவில்லை. அளந்தவர் ஒருவர்தான். அவரிடம் நான் காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன்.

இனிச் சொல்லப்போவது இதைவிட மோசமானது. இருபத்தேழாம் தேதி உனக்கு விளக்கங்கள் கேட்டு எழுதினேனே, அப்போது எனக்கு எல்லாம் தெரியும். பத்து நாளாகத் தெரியும். அந்தப் பழைய வளையம் இருக்கிறதா என்று கேட்டது, இருந்தால் நல்லது என்பதற்காக அல்ல. இல்லை என்று நீ சொன்னால் இன்னும் சில நாள் ஓட்டலாம் என்பதற்காக. இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்கு விலகல் குறிப்பு எழுதியவன். என் பெயரில் ஒன்று எழுதக் காகிதத்தை எடுப்பேன், தேதி போடுவேன், மடித்து இழுப்பறைக்குள் வைத்துவிடுவேன். உன் அண்ணி ஒருநாள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வாரமா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க. வாய்க்குப் போற மாதிரி தெரியலையே. என்ன நடந்துச்சு?" என்றாள். அவளிடமும் சொல்லவில்லை. இடது கையால் பெயர் எழுதிப் பழகுகிறார் என்று நீ எழுதிய பிறகுதான் இழுப்பறையைத் திறந்தேன்.

நேற்றுக் குழுவிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். முந்தைய கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என்னைப் பணியிலிருந்து விலக்கி வைத்து, என் மீது விசாரணை தொடங்குவார்கள். அது சரிதான்.

இதே விதித்தொகுப்பு வேறு இரண்டு ஊர்களில் அண்மையில் ஓடத் தொடங்கிய கலங்களிலும் நடைமுறையில் இருந்தது. அவற்றை நிறுத்தச் சொல்லி இன்று காலை ஆணை போயிருக்கிறது. பிப்ரவரி பதினேழிலிருந்து இன்று வரை பதினேழு நாள். அந்த நாள்களில் இரண்டு கலங்களிலும் சேர்த்துப் பதினொரு ஓட்டம் நடந்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. ஆகாததில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினால், அதையும் ஒரு விண்ணப்பம் போலத்தான் எழுதுவேன். ஆகையால் எழுதவில்லை.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. வெட்டும் மேஜை மீது சீருடைத் துணி விரித்திருந்தது. அதன் மேலேயே உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு உங்கள் மீது வந்த கோபம், முன்பு இருந்த கோபத்தைவிடப் பெரிது. முன்பு நீங்கள் கண்மூடித்தனமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். தெரிந்தே இருந்திருக்கிறீர்கள். எந்த மாதம், எந்த ஆண்டு என்று கேட்டீர்களே அண்ணா. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் அவர் முன்னால் போய் நின்றேனே.

அவரிடம் முழுவதையும் வாசித்தேன். ரொட்டி என்ற இடத்தில், "ஆங், அதேதான்" என்றார். தன் கையெழுத்து உண்மையான கையெழுத்து என்ற வரியை நான் தாண்டிப் போனதும், "நிறுத்து, அதை மறுபடி படி" என்றார். படித்தேன்.  கண்ணைத் துடைக்க வலது கை தானாகக் கிளம்பி, பாதியில் திரும்பி வந்துவிட்டது.

எழுதிப் பழகிய நோட்டை மகளிடமே கொடுத்துவிட்டார். நேற்றுக் குழுவிலிருந்து காகிதம் வந்தது. அவர் மீது இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்து மேஸ்திரி வந்து, "நீ வந்து சும்மா நாற்காலி போட்டு உக்காருய்யா. இப்படித் திருப்பு, அப்படித் திருப்புன்னு வாயால சொல்லு, நாங்க திருப்பறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போவாரா என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் கடைசியாக அந்த இரண்டு ஊர் விஷயம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டு பேருக்கும் சொல்லிட்டாரா?"

"எந்த ரெண்டு பேரு?"

"அங்க கழுத்துகிட்ட நின்னு மீட்டர் பாக்கறவங்க."

"ஆணை போயிருக்குன்னு எழுதியிருக்காரே."

"ஆபீசுக்குப் போயிருக்கும். மறு உத்தரவு வரும்வரை நிறுத்தவும்னு ஒரு வரி ஒட்டியிருப்பாங்க. எதுக்கு நிறுத்தினாங்கன்னே அவங்களுக்குத் தெரியாது. பதினொரு தடவை நின்னவங்களுக்குச் சொல்ல வேணாமா?" பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மச்சான் இங்க வரணும்னு நினைச்சா, முதல்ல அங்க போயிட்டு வரட்டும். காகிதம் வேணாம். ஆளா போகட்டும்."

நான் ஒன்றும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

தங்கை


மார்ச் 19

தங்கைக்கு,

இரண்டு ஊர்களுக்கும் போய்வந்தேன். பணியிலிருந்து விலக்கப்பட்டவன் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய அனுமதி இல்லை என்று முதல் ஊரின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த விதியும் நான் எழுதியதுதான். ஃபிட்டர் வேலை முடிந்து வெளியே வரும் வரை எதிரில் இருந்த சைக்கிள் கடை வாசலில் நின்றேன். என்னைவிட மூத்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். "சரிங்க சார்" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "உள்ள ஓட்டை ஓட்டையாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் "சரிங்க சார்" என்றார். பேருந்து ஏறும்போது கம்பியைப் பிடிக்க இரண்டு தடவை தவறினார்.

இரண்டாவது ஊரில் கலத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கலாம். அங்கே வாசலில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. அவருடைய கலத்திலிருந்து எடுத்த வளையத்தையும் குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளிருந்து கிளம்பிய விரிசல், மேல்தோலுக்கு ஒரு நூல் பின்னால் வந்து நின்றிருக்கிறது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

"பிப்ரவரி பதினேழு."

பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"இருபத்தி நாலு. அன்னிக்கு என் வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டு வந்தார். மீட்டரை விட்டுட்டு நகர முடியாதுன்னு இங்கயே உக்காரச் சொன்னேன். இதோ, இந்த ஸ்டூல்ல." கழுத்திலிருந்து இரண்டடி தூரத்தில் அந்த ஸ்டூல் இருந்தது. "அவர் இதுல உக்காந்தார். நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். அன்னிக்கு நீங்க என்ன சார் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

கலம் ஓடும்போது வெளியாட்களை உள்ளே அனுமதிக்கக் கூடாது என்பது மூன்றாவது விதி. அந்த நேரத்திலும் அது என் நினைவுக்கு வந்தது என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன். இருபத்து நான்காம் தேதி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் எனக்குத் தெரியும். உனக்கு எழுதிய அந்த விளக்கக் கடிதத்தின் முதல் வரைவில் காற்புள்ளிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயந்துக்கிட்டு இருந்தேம்மா" என்றேன்.

அவர் பதிவேட்டை மூடினார். கலம் வெறுமையாக, குளிர்ந்துபோய்த்தான் இருந்தது. இருந்தும் அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரோரம் வைத்தார். நான் அங்கே நிற்பதையே மறந்தவர் போல, அதன் மீது கையை ஊன்றியபடி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டாதே. நானே அவர் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அண்ணன்